பத்து மணி நேர மின்விசிறி

மனிதக் காதுக்கு எட்டக்கூடிய எல்லாச் சத்தங்களையும் தான் கேட்டு முடித்துவிட்டதாக ஆம்ப்ளி வீட்டுக் கூடத்தில் நின்று அறிவித்தான். அவனுடைய அம்மா அப்போது வாஷிங் மெஷினுக்குள் தோள்வரை கையை விட்டு, ஜோடி தொலைந்த ஒரு சாக்ஸைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப இது ஏன் கடகடங்குதுன்னு கேட்டுச் சொல்லு" என்றாள்.

"அது ரிப்பேர்மா. நான் சொல்றது கலை."

"கலை துணி துவைக்குமாடா?"

பெரிய மனிதர்களுக்கு வீட்டில் மரியாதை கிடைப்பதில்லை என்பதை ஆம்ப்ளி முன்பே ஏற்றுக்கொண்டிருந்தான். கல்லூரி கேன்டீனில் நிலைமை வேறு. காதில் விழுந்ததையெல்லாம் ஆம்ப்ளிஃபயர் போலப் பத்து மடங்காக்கிப் பேசுகிறவன் என்பதால் அங்கேதான் அவனுக்கு இந்தப் பெயரே வைத்தார்கள். இணையத்தின் மூலை முடுக்கெல்லாம் புகுந்து அவன் அள்ளிக்கொண்டு வருவான். கேரட்டைக் குடைந்து குழல் ஊதுகிறவர்கள், காற்றில் முனகும் பாலைவன மணல், எப்போதோ மூடிப்போன லிஃப்ட் கம்பெனி தன் ஊழியர்களுக்காக எடுத்த பயிற்சிப் படம், அதில் கதவு திறக்கும்போதெல்லாம் யாரோ பியானோவில் ஒரே கட்டையைத் தட்டுவது. இவற்றையெல்லாம் ஒருவர் காதில் ஒன்று, மற்றவர் காதில் ஒன்று என இயர்போனைப் பங்குபோட்டுக் கேட்டுவிட்டு நண்பர்கள், "எங்கேருந்துடா பிடிக்கிற?" என்பார்கள். ஆம்ப்ளி டீ குடிப்பான். வாங்கிக் கொடுத்தது அவர்கள்.

அவனுக்கு ஆகவே ஆகாத ஒரு வகை உண்டு. டேபிள் ஃபேன் ஒன்றைப் பத்து மணி நேரம் அப்படியே ஓடவிட்டுப் படமெடுத்துப் போடுகிற வகை. இசை இல்லை, கதை இல்லை, ஃபேன் தலையைக்கூடத் திருப்பாது. அதை லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். கீழே கமெண்டில் வந்து, "நன்றி, என் குழந்தை தூங்கிவிட்டது" என்று எழுதிவிட்டும் போகிறார்கள். கேன்டீன் பெஞ்சில் ஏறி நின்று ஆம்ப்ளி இவற்றை இரங்கல் செய்தி போல வாசிப்பான். "ஃபேனுக்கு நன்றி சொல்ற கூட்டம்டா இது. நாளைக்கு மிக்ஸிக்குப் பொன்னாடை போத்தும்" என்பான். கேன்டீன் குலுங்கும்.

அப்பா அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். ராத்திரி ஷிஃப்ட். உலகம் பேப்பர் படிக்கும் நேரத்தில் திரையை இழுத்துவிட்டுப் படுப்பார். சில மாதங்களாகப் படுக்கிறார், தூங்குவதில்லை. காதுக்குள் ஒரு சத்தம். மெஷினை நிறுத்தினாலும் நிற்பதில்லை. காது டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, நரம்பு அடிபட்டிருக்கிறது, மருந்து கிடையாது, பழகிக்கொள்ளுங்கள் என்றார். அமைதியில் இன்னும் பெரிதாகக் கேட்கும், படுக்கும் அறையில் ஏதாவது சத்தம் ஓடட்டும் என்றும் சொல்லி அனுப்பினார். அந்த அறைக்கு அப்போதுதான், சத்தமே வராது என்று விளம்பரம் செய்கிற ஃபேனாகப் பார்த்து வாங்கி மாட்டியிருந்தார்கள்.

ஒரு மதியம் அப்பா லுங்கியோடு ஆம்ப்ளியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் மகனிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். தொண்டையைச் செருமினார்.

"எல்லாச் சத்தமும் உங்கிட்ட இருக்குன்னு சொல்லிட்டிருப்பியே. இது இருக்கா பாரு."

"எதுப்பா?"

"என் காதுல ஓடறது." காது மடலைத் தேய்த்துக்கொண்டார். "உங்கம்மா மனப்பிரமைங்கறா. சூப்பர்வைசர் சாக்குங்கறான். ஒருதடவை போட்டுக் காமிச்சிட்டா போதும். நேத்து ரோலர்ல கை போகப் பாத்துச்சு. தூக்கக் கலக்கம்." பஸ்ஸில் குடையை மறந்துவிட்டு வந்தவர் போலத்தான் அதைச் சொன்னார்.

ஆம்ப்ளி அந்தக் கையைப் பார்த்தான். நகக்கண்களில் மை. விரல்கள் எல்லாம் இருந்தன.

அன்று அவன் தன் பொக்கிஷம் முழுவதையும் திறந்தான். கொதிக்கும் கெட்டில். "இல்ல." பல் டாக்டரின் டிரில். "இது முரடு." ஏதோ ஒரு காட்டின் அந்திப் பூச்சிகள். "கிட்ட வருது. ஆனா இது விட்டு விட்டு வருதே. அது விடாது." கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடிக் கடையில் பவர் சரிபார்க்கிறவர் போல அப்பா சொல்லச் சொல்ல, ஆம்ப்ளி தேடிக்கொண்டே போனான். அவனுக்கு உள்ளூர உற்சாகம்கூட வந்துவிட்டது. பிறகு அதற்காக வெட்கப்பட்டான். கடைசியில் அகப்பட்டது ஒரு பழைய வீடியோ. கோளாறாகிப் படம் வராமல் கீச்சிடும் டி.வி. ஒன்றின் முதுகில் மைக்கை வைத்து யாரோ எடுத்தது. சொற்பம் பேர்தான் பார்த்திருந்தார்கள்.

அப்பாவின் கை மேலே எழுந்தது.

"இதான்." முகமே மாறிவிட்டது. திருவிழாவில் தொலைத்த பிள்ளையைக் கண்டுபிடித்தவர் போலச் சிரித்தார். "இதேதான்டா! இந்தாம்மா, இங்க வாயேன். வந்து கேளு. பிரமைன்னியே!"

அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். முதலில், "இதென்ன, கொசு மாதிரி" என்றாள். பிறகு புருவத்தைச் சுருக்கினாள். பிறகு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "நிறுத்துடா, மண்டைக்குள்ள போகுது" என்று கத்தினாள்.

ஆம்ப்ளி நிறுத்தினான்.

அறை அமைதியானது. அம்மா மூச்சை விட்டாள். ஆம்ப்ளியும் விட்டான். அப்பா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு இன்னும் முழுதாகக் கலையவில்லை.

"உங்களுக்கு நின்னுடுச்சு" என்றார்.

அதன் பிறகு அம்மா மனப்பிரமை என்ற சொல்லை எடுக்கவில்லை. அவர் படுக்கும்போதெல்லாம் துணியே போடாமல் வாஷிங் மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள். அந்தக் கடகடப்பில் அவருக்குக் கண் சொருகும். ஆனால் மெஷின் தன் வேலை முடிந்ததும் மூன்று முறை கூவி, சமர்த்தாக நின்றுவிடும். அவர் விழித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். மேலே ஃபேன், வாக்குக் கொடுத்தபடியே, சத்தமில்லாமல் சுற்றும்.

இன்றும் மெஷின் கூவியது. அம்மா ஓடிப்போய் மறுபடி பட்டனை அழுத்தினாள். அது ஒருமுறை உறுமிவிட்டு அடங்கிப்போனது. இரண்டாம் முறை அழுத்தினாள், உறுமல்கூட இல்லை. மெஷின் மேல் கையை ஊன்றி நின்றபடி மகனைப் பார்த்தாள்.

"ஏதாவது போடேன்டா."

ஆம்ப்ளி அப்பாவின் அறைக்குள் போனான். பாலைவன மணல் இல்லை, லிஃப்ட் பியானோ இல்லை. கேன்டீனில் கேலியாக வாசித்து வாசித்துப் பழகிய வீடியோதான், தேட வேண்டியிருக்கவில்லை. போனைத் தலைமாட்டில் வைத்தான். சார்ஜர் வயர் தளர்ந்துபோன வயர். ஒரு கோணத்தில் பிடித்தால்தான் ஏறும், விட்டால் நின்றுவிடும். கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டான்.

திரையில் ஒரு டேபிள் ஃபேன். கம்பிவலையில் யாரோ கட்டிவிட்ட சிவப்பு ரிப்பன் படபடத்துக்கொண்டிருந்தது. கொஞ்சநேரம் அப்பாவின் இமைகள் துடித்தன. பிறகு துடிக்கவில்லை. வாய் லேசாகத் திறந்தது.

திரையின் உச்சியில் கேன்டீன் நண்பனின் செய்தி வந்து நின்றது: 'மச்சி, இன்னிக்குப் புதுசா என்ன?' ஆம்ப்ளி அதைக் கட்டைவிரலால் ஓரம் தள்ளினான். கமெண்டுகளைத் திறந்தான். குழந்தைகள் தூங்கியிருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்த நர்ஸ் ஒருத்தி தூங்கியிருந்தாள். எழுதும் இடத்தில் 'நன்றி' என்று அடித்தான். அழித்தான். கதவுப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வயரைப் பிடித்த கை அசையாமல், மற்றக் கையால் ஒவ்வொரு எழுத்தாக மறுபடி அடிக்க ஆரம்பித்தான். ரிப்பன் படபடத்தது. அந்தக் காற்று யார் மேலும் படவில்லை.