புளி போட்டுத் தேய்த்த காசு

“எல்லாத்தையுமா தேய்ச்சீங்க? ஒண்ணாவது உட்டு வெச்சிருக்கீங்களா இல்லியாம்மா?”

தட்டைப் பார்த்ததும் கேட்டாள் தேவிப்ரியா. கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, மலை வளைவுகளில் இரண்டு தரம் வாந்தியெடுத்து அவள் வந்ததே இந்த ஒன்பது காசுகளுக்காகத்தான். அவை தட்டில் புதுச் செம்புக் குடம் போல மின்னின.

“ஒண்ணுகூட உடல. நீ வரேன்னுதான் காலைலேர்ந்து குந்திக்கினு தேய்ச்சேன்,” என்றாள் தைலம்மாள் பெருமையாக.

தைலம்மாளின் மகள் பவானி, தேவிப்ரியாவோடு கல்லூரியில் வரலாறு படிப்பவள். அப்பா குப்பன் சாமைக் கொல்லையை உழும்போது கிடைத்த சதுரக் காசுகளை, லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது படமெடுத்துத் தேவிப்ரியாவுக்கு அனுப்பியிருந்தாள். பச்சைக் களிம்புக்கு அடியில் குதிரை. அதற்கு மேலே நாலைந்து பழைய தமிழெழுத்து. யார் அடித்த காசு என்று அந்த எழுத்துதான் சொல்லும்; படம் மங்கல், படிக்க முடியவில்லை. சங்ககாலச் சிற்றரசர்களான மலையமான்கள் அடித்த குதிரைக் காசு கீழே தென்பெண்ணைக் கரையில் கிடைத்ததுண்டு. மலைமேலா? “மலைக்காரங்களுக்கு ஏதும்மா காசு? சாமையக் குடுத்து உப்பு வாங்கினவங்க” என்று வகுப்பில் சிரித்த ஆசிரியருக்கு அந்த எழுத்தைக் காட்டிவிட வேண்டும் என்றிருந்தாள் தேவிப்ரியா.

“ஃபோன்ல மூணு வாட்டி சொன்னேனேப்பா!” என்றாள் தேவிப்ரியா குப்பனிடம்.

“விக்காதீங்க, யாருக்கும் குடுக்காதீங்கன்னு சொன்ன. குடுக்கலியே,” என்றார் குப்பன். “மண்ணுல கெடச்சத புளி போட்டுத் தேய்ச்சு, மஞ்சத்தண்ணில முக்கி, சாமி முன்னாடி வெச்சிட்டுதான் வெளியாளுக்குக் காட்டுவோம். எங்க வழக்கம் அது.”

உண்மைதான். கழுவாதீர்கள் என்று மட்டும் அவள் சொல்லவே இல்லை.

ஒவ்வொன்றாக வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. ஒன்றில் மட்டும் குதிரை முதுகு மாதிரி ஒரு மேடு. எழுத்து எதிலுமே இல்லை.

“இன்னாமா, அழுக்கு போவலியா? இன்னொரு வாட்டி செங்கப்பொடி போட்டு...”

“வேணாம்மா!” என்று கத்திவிட்டாள்.

தைலம்மாளின் விரல் நுனிகள் புளியில் ஊறி வெடித்திருந்தன. அதைப் பார்த்ததும் தேவிப்ரியாவுக்குத் திட்டவும் வரவில்லை, அழவும் வரவில்லை.

“நல்லா பளபளன்னு இருக்குதும்மா,” என்றாள்.

“அப்ப பவானி சொன்ன அந்த வாத்தியாரு இனிமே சிரிக்க மாட்டாரில்ல?” என்று கேட்டார் குப்பன், முகமெல்லாம் மலர.

அவள் காசுகளை ஒவ்வொன்றாகத் தட்டில் திரும்ப அடுக்கினாள். நீங்களாக இருந்தால் குப்பனுக்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? எழுத்து போனாலும் காசு காசுதானே, என்ன நினைக்கிறீர்கள்?