இறுகிப்போன பொத்தான்

தபால்காரருக்கு ஆறு மாதமாக விடாத இருமல். ஆஸ்துமா என்றே வைத்தியம் நடந்தது. ரத்தத்தில் வழக்கமாக நூறு வெள்ளையணுக்களில் நாலைந்தே இருக்கும் ஈசினோபில் வகை, நூற்றுக்கு அறுபது என்று மெஷின் காட்டியதும், "மெஷின் உளறுது" என்றார் டாக்டர்.

லேப் அக்காவுக்குச் சுருக்கென்றது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் கையாலேயே எண்ணினாள். எண்ணும் கருவியில் ஒவ்வொரு அணு வகைக்கும் ஒரு பொத்தான். ஈசினோபில் பொத்தான் யாரும் தொடாமல் இறுகிப்போயிருந்தது. இன்று விரல் வலிக்க அதையே அழுத்தினாள். மொத்தம் நூறு ஆனதும் கருவி மணி அடித்தபோது, ஈசினோபில் அறுபத்திரண்டு!

"கொசுக்கடியில வர்ற யானைக்கால் புழுவா இருக்கும். அதை விரட்ட நுரையீரல்ல இந்த அணுக்களோட ஒரு படையே இறங்கியிருக்கு, டாக்டர். அந்தச் சண்டையிலதான் அவருக்கு மூச்சு முட்டுது."

புழு மருந்து கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் தபால்காரர் விசிலடித்துக்கொண்டே மூன்று மாடி ஏறி வந்தார்.

"இனிமே கையாலயும் எண்ணிடுங்க" என்று டாக்டர் முனகினார்.

அக்கா அந்தப் பொத்தானுக்கு, எண்ணிய அன்றைக்கே எண்ணெய் போட்டிருந்தாள்.