பில் போடும் தேதி

பில் போட இன்னும் நாற்பத்திரண்டு மணி நேரம் இருந்தது. காலை ஆறு மணிக்கு, இருங்காட்டுக்கோட்டை நிறுத்தத்தில் கணவனின் பைக்கிலிருந்து இறங்கும்போதே ஜெனிஸ் கணக்குப் போட்டுவிட்டாள். அவளை இறக்கிவிட்டதும் திரும்பிவிடுகிற ரிச்சர்ட் இன்று வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டான்.

முந்தின நாள்தான் பேங்கிலிருந்து சுபஸ்ரீ பேசியிருந்தாள். பென்னலூரில் மாமனார் விட்டுப்போன மூன்று சென்டில் வீடு கட்ட இருவரும் சேர்ந்து கேட்ட கடன் அவள் கையில்தான் இருந்தது.

"மேடம், நீங்க ஒரு மாசம்கூட லேட் பண்ணல, முழுசாத்தான் கட்டுறீங்க. ஆனா கிரெடிட் கார்டுல இருபத்தஞ்சாயிரம் லிமிட்டு, அதுல மாசாமாசம் இருபத்திரண்டாயிரம் எடுக்கிறீங்க. பில் போடுற அன்னிக்கு எவ்ளோ பாக்கி நிக்குதோ, அதுதான் கிரெடிட் ஸ்கோருக்குப் போகும். கார்டை இப்படி வழிச்சு எடுத்தா, ஆள் கஷ்டத்துல இருக்காங்கன்னு அர்த்தம். அறுநூத்தித் தொண்ணூறுக்கு எறங்கிட்டீங்க. ரெண்டாந்தேதி பில்லுக்கு முன்னாடி ஏழாயிரத்துக்குக் கீழ கொண்டாந்துடுங்க. ஃபைலை ஒரு மாசம் நிறுத்தி வைக்கிறேன். மறுபடி இப்படியே வந்தா மேனேஜர் திருப்பிடுவார்."

ஜெனிஸ் வேதியியல் படித்தவள். ஒரகடத்தில், காருக்கு ரப்பர் குழாய் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. எந்தக் குழாய் எந்த அழுத்தத்தில் வெடிக்கும் என்று பார்த்து எழுதுவாள். கெடுவுக்கு முன்பே முழுதாகக் கட்டிவிட்டால் போதும் என்று ஆறு மாதமாக நம்பியிருந்தாள். ஒழுங்காகக் கட்டுகிறவளுக்கும் மார்க் குறையும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இனி சம்பளம் ஏழாம் தேதிதான். சேமிப்பு முழுவதும் பிளான் அப்ரூவலுக்கும் அஸ்திவாரத்துக்கும் போய்விட்டது.

கம்பெனி பஸ்ஸில் கார்டு வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். ஆஃபர் வந்தால் உற்பத்தி லைனில் நிற்கும் பெண்கள் அவள் கார்டில் மிக்ஸியோ செல்போனோ வாங்கிக்கொண்டு காசைக் கையில் கொடுப்பார்கள். நேற்று ரிச்சர்ட், "யாருதுடி இந்த இருபத்திரண்டாயிரம்?" என்றபோது, "பஸ்ல வர்றவங்களோடது, சம்பளத்துல குடுப்பாங்க" என்று வாயில் வந்துவிட்டது. உண்மையைச் சொல்வதில்லை என்று அந்தோனியார் கோயிலில் வைத்து ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

"நீ கேக்க மாட்டே. நானே கேக்குறேன்" என்று ரிச்சர்ட் அப்போதே சொல்லியிருந்தான். இப்போது அதே பஸ்ஸுக்கு டிபன் பையோடு வந்த லைன் பெண் மரகதத்தை நிறுத்தினான்.

"அக்கா, ஒரு ஹெல்ப்பு."

"இன்னாபா, பொண்டாட்டிய எறக்கி வுட்டும் போவ மனசு வரலியா?"

"அது இல்லக்கா. இவ கார்டுல நீங்கல்லாம் எடுத்தது... ஏழாந்தேதி வரைக்கும் பாக்காம நாளைக்குள்ள குடுத்தீங்கன்னா, வூட்டு லோனுக்கு..."

மரகதம் ஜெனிஸைப் பார்த்தாள். ஜெனிஸ் தன் ஷூவைப் பார்த்தாள்.

"இவ கார்டத் தொட்டு ஆறு மாசம் ஆவுதுபா. எப்பக் கேட்டாலும் லிமிட்டு இல்லக்கான்றா. கடைசியா ஒரு குக்கர் வாங்கனேன். கடையிலயே எண்ணிக் குடுத்துட்டேன். வேணா கேளு."

பஸ் வந்தது. ஜெனிஸ் ஏறிக்கொண்டாள். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோது ரிச்சர்ட் வண்டியைக் கிளப்பாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

"தப்பா எதனா சொல்லிட்டனாடி?" என்று மரகதம் அவள் முழங்கையைத் தொட்டாள். ஜெனிஸ் இல்லை என்று தலையசைத்தாள்.

அன்று முழுவதும் அழுத்தமானியின் முள் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் என்ன நினைத்திருப்பான்? அம்மா வீட்டுக்குக் கொடுத்தாள் என்றா, போனில் ரம்மி ஆடினாள் என்றா, யாரோ ஒருவன் இருக்கிறான் என்றா? மூன்றாவதை நினைத்தபோது முள் மங்கிவிட்டது. ஒரு குழாய் வெடித்தது. தினமும் கேட்கிற சத்தம்தான். இன்று நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது ரிச்சர்ட் ஷிப்டுக்குப் போகாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மாமியார் சூசையம்மாள் அடுப்படியில் இருந்தாள். சுற்றியுள்ள வாடகை அறைகளில் தங்கியிருக்கும் பையன்களுக்குக் காலையும் மாலையும் இட்லி போடுவது அவள்தான். பையன்கள் கணக்கில் தின்றுவிட்டுச் சம்பளத்தன்று கொடுப்பார்கள். டம்ளரின் உள் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு டீ ஊற்றினாள். விரலில் சுட்டதும் நிறுத்தினாள். ஆறு மாதமாக அப்படித்தான் ஊற்றுகிறாள்.

"யாருக்குடி?" என்றான் ரிச்சர்ட். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று ஜெனிஸுக்குத் தோன்றியது.

அவள் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"மாசம் இருபத்திரண்டாயிரம். ஆறு மாசம். யாருக்குன்னு கேட்டா சொல்ல மாட்டே. உன்ன நம்பி நான் இன்னான்னு கையெழுத்துப் போடறது? லோனும் வேணாம், வூடும் வேணாம். நாளைக்கே போய் வாபஸ் வாங்கிக்கினு வர்றேன்."

அடுப்படியில் டீச்சட்டி வைக்கப்படும் சத்தம் கேட்டது. ஜெனிஸ் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினாலே சொன்னதாகிவிடும் என்று பயந்தாள்.

சூசையம்மாள் ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள். கட்டில் முனையில் முழங்கால் இடித்ததும் நின்றாள்.

"வூடு வேணாங்காதடா. அவ எனக்குத்தான்டா கட்டினா."

"உனக்கா? உனக்கு இன்னாத்துக்கு?"

"ஆஸ்பத்திரில முன்னாடியே காசு வைக்கச் சொல்றான். இட்லி காசு ஏழாந்தேதிதான் கைக்கு வருது. வந்ததும் எண்ணி அவகிட்ட குடுத்துடுவேன், ஒரு ரூபா வச்சிக்கல. உனக்குத் தெரிஞ்சா வூட்டக் கட்டாம காசையெல்லாம் வைத்தியத்துல போட்டுடுவே. நான்தான் சொல்லாதன்னு சத்தியம் வாங்கினேன். அது எழும்பறத ஒருவாட்டி பாத்துடணும்னு..."

"எதுக்கும்மா வைத்தியம்?"

அவள் அவன் குரல் வந்த பக்கம் கையை நீட்டினாள். விரல்கள் அவன் காதைத் தொட்டு, கன்னத்துக்கு வந்து நின்றன.

"சக்கர கண்ணுக்கு எறங்கிடுச்சுடா ரிச்சர்டு. மாசம் ஒரு ஊசி. ஓரமா எல்லாம் தெரியுது. உன் மூஞ்சி இருக்கற எடத்துல மட்டும் கருப்பா கீது."