ராஜேஷ்குமார் ஹால்

பாகூரில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், தவளக்குப்பத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடை முன்னால் ராஜேஷ்குமார் வண்டியை நிறுத்தினான். வில்லியனூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவன். வீட்டு டிவி பழையது. படம் இன்னும் பளிச்சென்றுதான் இருந்தது, நெட் வசதிதான் கிடையாது. புது டிவி எதற்கு, அதில் செருகிக்கொள்கிற மாதிரி சின்னதாக ஒன்று வாங்கினால் போதும் என்று சொன்னவள் மனைவி வினோதினி.

கடைப்பெண் இரண்டை எடுத்து வைத்தாள். ஒன்று சோப்பு டப்பா அளவுப் பெட்டி. இன்னொன்று விரல் நீளம்தான் இருந்தது.

"பெட்டின்னா பென்டிரைவ் போட்டும் பாக்கலாம், நெட் இல்லன்னாலும் ஓடும். இந்தச் சின்னது விலை கம்மி. ஆனா நெட் இல்லாம ஒண்ணும் வராது. வூட்ல வைஃபை இருக்கா சார்?"

"இருக்கு."

வினோதினி திரும்பி அவனைப் பார்த்தாள்.

வைஃபை இருந்தது பக்கத்து வீட்டில். ஒரு மழைநாளில் செல்போன் சிக்னல் அடியோடு போய்விட, வரிக் கணக்கை அன்றே அனுப்பியாக வேண்டுமென்று ராஜேஷ்குமார் தவித்தபோது, செருப்புக்கடை கௌஸ் பாஷா தன் பாஸ்வேர்டைச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வேலைக்காகச் சொன்னது.

"பாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றாள் வினோதினி, வண்டியில் ஏறும்போது.

"நாம ரெண்டு பாட்டு பாத்தா அவருக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது."

அன்றைக்கே அந்தச் சின்னக் கருவியை டிவியில் செருகினான். அது தனக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னது. 'ராஜேஷ்குமார் ஹால்' என்று எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தான். ரெண்டு பாட்டோடு நிற்கவில்லை. கடையிலிருந்து வந்தால் படம், விடுமுறை என்றால் காலையிலிருந்தே படம். வினோதினியும் கேட்பதை விட்டுவிட்டு உடன் உட்கார்ந்தாள்.

ஒருநாள் சாயங்காலம் கௌஸ் பாஷா வீட்டு வாசலில் நெட் கம்பெனி ஆள் நின்றிருந்தான். பாய் வீட்டு இணைப்புக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று அளவு உண்டாம். மாதம் பாதிகூட ஆகவில்லை, அதற்குள் தீர்ந்து, நெட் நத்தையாகிவிட்டது.

"லைன்ல ஒண்ணுமில்ல சார். வூட்லதான் யாரோ நெறைய பாக்குறாங்க."

கௌஸ் பாஷா உள்ளே திரும்பினார். கல்லூரிக்குப் போகும் மகள் ஃபைஜா கதவோரம் நின்றாள். "நான் இல்ல அத்தா" என்றாள். அவர் அவள் போனைப் பிடுங்கிக்கொண்டார். அப்போதுதான் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்த ராஜேஷ்குமாரைப் பார்த்து, "பாரு தம்பி, படிக்கத்தான் நெட்டு போட்டேன். இது படமா பாத்துத் தள்ளுது" என்றார்.

இப்போது சொல்லிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. வாய் வேறொன்றைச் சொன்னது.

"இந்தக் காலத்துப் புள்ளைங்க அப்பிடித்தான் பாய்."

ஃபைஜா அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அடி விழும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு அடி. வினோதினி சமையலறையிலிருந்து வந்து, திணறித் திணறி ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்தாள்.

சில நாள் இருவரும் டிவி பக்கம் போகவில்லை. மாதம் பிறந்ததும், கொஞ்சமாகப் பார்க்கலாம் என்று ராஜேஷ்குமார்தான் மறுபடி போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த படம் சட்டென்று நின்று, திரை கறுத்து, ஒரு நிக்காஹ் வீடியோ வந்தது. பந்தியில் கௌஸ் பாஷாவின் மனைவி ஜொஹரா பீவி சிரித்தபடி யாருக்கோ இனிப்பு ஊட்டினாள். ராஜேஷ்குமாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் சுவர்ப்பக்கமிருந்து ஃபைஜாவின் குரல் வந்தது.

"அம்மா, உன் போன்லேர்ந்து அனுப்புனது நம்ம டிவியில வரல. பக்கத்துல ராஜேஷ்குமார் ஹால்னு ஒண்ணு காட்டுச்சு, தெரியாம அதைத் தொட்டுட்டேன்."

பிறகு கௌஸ் பாஷா தணிந்த குரலில், "ஆஃப் பண்ணிடும்மா" என்றார்.

திரையிலிருந்து ஜொஹரா பீவி மறைந்தாள். ராஜேஷ்குமாருக்குக் காது வரைக்கும் எரிந்தது. வினோதினி எழுந்து கை கழுவப் போனாள்.

கௌஸ் பாஷா வந்து கத்துவார் என்று காத்திருந்தான். வரவில்லை. பாஸ்வேர்டையாவது மாற்றியிருப்பார் என்று காலையில் டிவியைப் போட்டுப் பார்த்தான். நெட் வந்தது. அதைத் தாங்க முடியாமல் கருவியைப் பிடுங்கி அலமாரிக்குள் வைத்தான். கடைக்குப் போகும்போது அவர் எப்போதும்போல், "கெளம்பிட்டியா தம்பி?" என்று கேட்டார். அவனால் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"பாய், அன்னிக்கு ஃபைஜா மேல தப்பில்ல. நான்தான்."

"தெரியும்." கௌஸ் பாஷா நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவன் உட்காரவில்லை. அவரும் தரையைப் பார்த்தபடி இருந்தார். "வயசுப் பொண்ணு மேல கை வச்சிட்டேன் தம்பி. நேத்திலேர்ந்து அது மொகத்துல முழிக்க முடியல. உன்கிட்ட வந்து இன்னான்னு கேக்க? எனக்கே வாய் வரல."

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஃபைஜா வந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை.

"அத்தாவுக்குத் தெரியாது, அடிச்சாரு. உங்களுக்குத் தெரியும்ல அண்ணா?"

"தெரியும்மா."

"அப்புறம் ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

பயந்துட்டேன் என்று சொல்லலாம். அது பாதிதான் உண்மை. அந்த நேரத்தில் அவள் மாட்டிக்கொண்டது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. அவள் காத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கௌஸ் பாஷா எழுந்து, "ஃபைஜா, இங்க வாம்மா" என்று கூப்பிட்டபடி அவள் பின்னால் போனார். ராஜேஷ்குமார் சத்தமில்லாமல் வெளியே வந்தான்.

அந்த வாரமே சொந்தமாக நெட் இணைப்பு வாங்கினான். டிவி ஓடுகிறது. கௌஸ் பாஷா பழையபடி பேசுகிறார். ஃபைஜா வினோதினியிடம் அக்கா, அக்கா என்று வந்து பேசிவிட்டுப் போகிறாள். அவன் கூடத்தில் இருந்தால் மட்டும் வாசலோடு நின்றுவிடுகிறாள். அதனால் அவள் குரல் கேட்டாலே அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறான்.