ஜன்னல் சீட்டும் நெத்திலிக் கருவாடும்

காலையில் வேலைக்குப் போகும் எங்கள் ரயிலில் இடம் பிடிப்பதற்கு ஒரு முறை உண்டு. ரயில் புறப்படும் மாரிக்குப்பத்தில் ஏறுகிறவர்கள் அடுத்தடுத்த ஸ்டேஷன்களில் ஏறுகிறவர்களுக்கும் சேர்த்து இடம் போட்டு வைப்பார்கள். அவரவர் இடம் அவரவருக்கு. ஒருமுறை விட்டுக்கொடுத்துவிட்டால் விட்டதுதான். திரும்பக் கேட்க முடியாது.

நான் அடுத்த ஸ்டேஷன் சாம்பியன் ரீப்ஸில் ஏறுவேன். எனக்கு ஜன்னல் சீட்டு. மாரிக்குப்பத்தில் ஏறும் பாக்கியவதி அக்கா தன் துணிப்பையை அதில் வைத்துக் காத்திருப்பார். நான் வந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். பங்காரப்பேட்டை தாண்டியதும் அந்தப் பையிலிருந்து டப்பா வெளியே வரும். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. சில நாள் கறி. பெரும்பாலும் கருவாடு.

எனக்குக் கருவாடு பிடிக்கும். பிரச்சினை என் வேலை. ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு காப்பிக் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் பயிற்சியில் இருந்தேன். வறுத்த கொட்டைகளை முகர்ந்து, எதில் பூஞ்சை வாடை, எதில் புளித்த வாடை என்று எழுத வேண்டும். மூக்குதான் கருவி. பி.எஸ்ஸி. வேதியியல் படித்தது இதற்குத்தானா என்று அப்பா கேட்டார். ஆமாம் என்றேன்.

சென்ட் கூடாது, வாசனை சோப்பு கூடாது, துணியில் எந்த வாடையும் கூடாது. ஒரு நாள் மேற்பார்வையாளர் என் துப்பட்டா பக்கம் லேசாகத் திரும்பி மூச்சை இழுத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அக்காவிடம் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. கண்டக்டரிடம் சில்லறை கேட்கவே வராது.

அதனால் இயற்பியலை நம்பினேன். ஓடும் ரயிலுக்கு வெளியே காற்று வேகம், அழுத்தம் குறைவு. பெர்னூலி தத்துவப்படி ஜன்னலோரம் இருக்கும் வாடை வெளியே இழுக்கப்பட வேண்டும். மறுநாள் அக்காவை ஜன்னலோரம் உட்காரச் சொன்னேன்.

"எனக்கா?" என்றார். "உனக்கு வோணாமா?"

"நீங்க உக்காருங்கக்கா."

ரயில் வேகம் எடுத்தது. டப்பா திறந்தது. ஜன்னல் வழியாக வந்த காற்று நேராக டப்பாவில் இறங்கி, என் முகத்தில் ஏறி, எதிர் வரிசை வரைக்கும் போனது. எதிரே குணசுந்தரி அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "பாக்கியம், இன்னிக்கு வஞ்சிரமா? வாசனையே தூக்குது."

"வஞ்சிரம் வாங்கற மூஞ்சியா இது? நெத்திலிம்மே."

ஜன்னல் சீட்டு போனது போனதுதான். நன்றிக்கு எனக்கும் ஒரு டப்பா மூடியில் குழம்பு வர ஆரம்பித்தது. பசி இல்லை என்று தினமும் பொய் சொன்னேன்.

பயிற்சி முடியும் மாதம் தேர்வு வைத்தார்கள். தேறினால் நிரந்தரம். இல்லாவிட்டால் வீடு. தேதியைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. வெள்ளிக்கிழமை. என் வார விடுமுறை அன்றுதான், ஆகவே ஒரு வெள்ளிக்கிழமைகூட அதுவரை ரயிலில் போனதில்லை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டைகூட உடைக்க மாட்டார்கள். அன்று யார் கவுச்சி தொடப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

அக்கா கழுத்தில் சிலுவை தொங்குவதைத் தினமும் பார்க்கிறேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ரயில் பங்காரப்பேட்டைக்குள் நுழையும்போதே அக்கா பையில் கையை விட்டார். வழக்கத்தைவிடப் பெரிய டப்பா.

"இன்னிக்குமா அக்கா?" என்றேன். என்னை மீறி வந்துவிட்டது.

"வெள்ளிக்கிழம நாங்க கறி துன்ன மாட்டோம். மீனுதான். இன்னிக்குக் கருவாடு ஜாஸ்தி போட்டுக் கீறேன். உனக்கும் சேத்து."

மூடியில் அவர் விரல் இருந்தது. திறப்பதற்குள் சொல்லியாக வேண்டும். பிறகு எல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. தேர்வு, மூக்கு, துப்பட்டா, பெர்னூலி.

அக்கா என்னையே பார்த்தார். "ஆறு மாசமா இத்த வாயில அடக்கி வெச்சிக்கினா இருந்த? இன்னா பொண்ணும்மே நீ?"

"நெனச்சேன், சீட்ட எதுக்குக் குடுத்தாளேன்னு!" என்று குணசுந்தரி அக்கா சிரித்தார்.

"மூடி வெச்சிருங்கக்கா, இன்னிக்கு மட்டும். ஒயிட்ஃபீல்டுல இறங்கிச் சாப்பிடுங்க."

"எறங்கினா ஓடணும். நான் சமைக்கிற வூட்ல கேட்டுக்குள்ளயே டப்பாவத் தொறக்க வுட மாட்டாங்க. சுத்த சைவம். சாயந்திரம் வரிக்கும் அவங்க குடுக்கற உப்புமாதான்." சட்டென்று எழுந்தார். "இங்க நிக்குதில்ல? பிளாட்பாரத்துல துன்னுட்டு வந்துடறேன்."

இறங்கி, ஜன்னலுக்கு நேரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து களியைப் பிட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது உருண்டைக்கே ரயில் அசைந்தது.

"அக்கா! வண்டி! அக்கா!"

அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம். பெட்டியே திரும்பிப் பார்த்தது. அக்கா ஓடி வந்தார். வாசல் கம்பியைப் பிடிக்கக் கை வேண்டும் என்று டப்பாவைச் சாய்த்து ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினார். வாங்கினேன். அவர் ஏறிவிட்டார். குழம்பு என் இரண்டு கையிலும் வழிந்தது.

அக்கா முகம் வெளிறிப் போயிருந்தது.

கருவாட்டு வாடையைத் தரும் பொருள் வேதியியலில் ஒரு காரம். அமிலம் பட்டால் உப்பாகி அடங்கிவிடும். முதலாம் ஆண்டுப் பாடம். "யாராவது எலுமிச்சம்பழம் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன், இரண்டாவது முறையாக எல்லோருக்கும் கேட்கும்படி.

குணசுந்தரி அக்கா தயங்கினார். வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்குப் போடுகிறவர். மடியிலிருந்த பையைத் திறந்து ஒன்றை எடுத்தார்.

"ஒரு வெளக்குக் கொறஞ்சா அவ கோச்சுக்க மாட்டா. புடி."

வாசலுக்குப் பக்கத்துக் குழாயில் முழங்கை வரை தேய்த்தேன். அக்கா தண்ணீர் வராதபோதெல்லாம் குழாயைத் தட்டினார். துப்பட்டாவைக் கழற்றி அவர் பையிலேயே போட்டுவிட்டேன்.

தேர்வு அறைக்குள் நுழைந்ததும் மேற்பார்வையாளர் நின்றார். "எலுமிச்சை வாசனை எங்கிருந்து?"

"என் கையிலிருந்து சார். கருவாட்டுக் குழம்பு கொட்டிவிட்டது. அதைப் போக்கத் தேய்த்தேன்."

அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. வாசனையில்லாத சோப்பைக் கொடுத்து, கழுவிக்கொண்டு கடைசியாக வரச் சொன்னார். பன்னிரண்டு கிண்ணங்கள். நான்காவதில் பூஞ்சை. ஒன்பதாவதில் புளிப்பு. மற்றவை சுத்தம். எழுதிக் கொடுத்தேன். மாலையில் கடிதம் வந்தது.

சனிக்கிழமை காலை சாம்பியன் ரீப்ஸில் ஏறியபோது ஜன்னல் சீட்டில் துணிப்பை இருந்தது. அக்கா நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா ஆச்சு?"

"நிரந்தரம் ஆயிடுச்சுக்கா."

"அப்ப உக்காரு."

"குடுத்த சீட்டு குடுத்ததுதான்கா."

"ரூல் பேசாத. நான் ஜன்னல்ல உக்காந்தா ஊரே மணக்குது, நீதான சொன்ன?" பையிலிருந்து என் துப்பட்டாவை எடுத்துக் கொடுத்தார். துவைத்து மடித்திருந்தது. "இனிமே வெள்ளி, சனி எதுன்னாலும் மாரிக்குப்பத்துல வண்டி நிக்கறப்பவே துன்னுடுவேன். அங்கதான் அரமணி நேரம் சும்மா நிக்குதே. எனக்கே நேத்துதான் தோணிச்சு."

உட்கார்ந்தேன். காற்று முகத்தில் அடித்தது. பங்காரப்பேட்டை தாண்டியதும் அக்கா பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தார். இறுக்க மூடி, மேலே பிளாஸ்டிக் கவர் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

"வூட்டுக்குப் போயித் தொற" என்றார். "தெனமும் பசி இல்லன்னு பொய் சொல்றத வுட்டுடு."