சித்தப்பா மலை

திரைச்சீலைத் துணி தயாரிக்கும் அந்த நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் மேனேஜரையும் சேர்த்து மொத்தம் நான்கு பேர். அவர்களில் இரண்டு பேருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் புழக்கத்தில் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் 'கோடு'. ஆறு வருடமாக அவர் வரைந்தது எல்லாம் கோடு. அவருக்கு எதிர் மேசையில் இருப்பவள் 'புள்ளி'. சின்னப் புள்ளி, பெரிய புள்ளி, நெருக்கியடித்து நிற்கும் புள்ளி, கோபித்துக்கொண்டு தள்ளி நிற்கும் புள்ளி என்று அவளும் நான்கு வருடத்தை ஓட்டிவிட்டாள்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் மேனேஜரை மூன்று நாள் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். போனவர் வேறு ஆளாகத் திரும்பி வந்தார். கற்பனை என்பது கம்ப்யூட்டரில் இல்லை, அன்றாட வாழ்க்கையில் கொட்டிக் கிடக்கிறது, குனிந்து பொறுக்கத்தான் ஆள் இல்லை என்றார். இனி எல்லோரும் போகிற வழியில், வருகிற வழியில், வீட்டில், மாடிப்படியில் கண்ணில் படுவதை எல்லாம் போனில் படம் எடுத்து வர வேண்டும், அதிலிருந்துதான் புது டிசைன் பிறக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

ஒரு வாரம் கழித்துப் படங்களைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தார்கள். கோடு எடுத்து வந்தவை: சாலையைக் கடக்கும் வெள்ளைப் பட்டைகள், இரும்புக் கேட்டு, சீப்பு, மின்கம்பி. புள்ளி எடுத்து வந்தவை: சாக்கடை மூடி, சட்டைப் பொத்தான், சோப்பு நுரை, பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவரின் வழுக்கை.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஊரெல்லாம் சுத்திட்டு ரெண்டு பேரும் உங்க மேசைக்கே திரும்பி வந்திருக்கீங்க" என்றார். இன்னும் பத்து நாள் தருவதாகவும் சொன்னார்.

புள்ளி சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். அங்கிருந்து வேலைக்கு ஒரே பஸ். சித்தி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று எந்நேரமும் தடதடத்துக்கொண்டிருப்பாள். சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தெட்டு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்த களைப்பை ஒரே சோபாவில் தீர்த்துவிடுவது என்று முடிவெடுத்திருந்தார். மத்தியானம் சாப்பிட்ட கையோடு சாய்ந்தால், மெஷின் சத்தமோ கதவு மணியோ அவரை ஒன்றும் செய்யாது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் புள்ளி சாப்பாட்டு மேசையில் மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். தாளில் தானாகவே புள்ளி விழுந்தது. அலுத்துப்போய் நிமிர்ந்தாள். எதிரே சித்தப்பா. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் அவர் மேல் விழுந்துகொண்டிருந்தது. தாடையிலிருந்து ஒரு சரிவு இறங்கி, மார்பில் கொஞ்சம் தயங்கி, பிறகு வயிறாக எழும்பி, மறுபடி இறங்கி, மடக்கிய முழங்காலில் கூர்மையாக முடிந்தது. வயிற்றின் உச்சியில் டிவி ரிமோட். மூச்சுக்கு மூச்சு அது ஏறி இறங்கியது.

புள்ளி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நின்று படம் எடுத்தாள். நூல் வெட்டிக்கொண்டிருந்த சித்தி திரும்பிப் பார்த்தாள்.

"என்னடி பண்றே?"

"ஆபீஸ் வேலை சித்தி."

சித்தி சற்று யோசித்தாள். "எடுக்கிறதுதான் எடுக்கிறே, வாயை மூடியிருக்கிறப்ப எடு" என்றாள். அதற்குக் காத்திருந்தால் ஓய்வூதியம் வாங்கும் வயது தனக்கும் வந்துவிடும் என்று புள்ளிக்குத் தெரியும்.

அதன் பிறகு சித்தியும் கூட்டாளியாகிவிட்டாள். புள்ளி மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தால் கீழிருந்து போன் வரும். "சீக்கிரம் வா, இடது பக்கம் திரும்பிட்டாரு" என்பாள். ஒரு நாள் கால் இரண்டும் சோபாவின் கைப்பிடி மேல், ஒரு நாள் கை தலைக்கு மேல். புள்ளி ஆபீஸில் இருக்கும் மத்தியானங்களில் சித்தியே எடுத்து அனுப்பினாள். கெடு முடிவதற்குள் பதினோரு நிலைகள் சேர்ந்தன. அவற்றின் ஓரக்கோட்டை மட்டும் எடுத்து, மூன்று வித நீலத்தில், ஒன்றின் பின் ஒன்றாக அடுக்கி வரைந்தாள். ரிமோட்டை எடுத்துவிடத்தான் நினைத்தாள். எடுத்தால் வயிறு வெறிச்சென்று இருந்தது. அதனால் விட்டுவிட்டாள். பின்பக்க மூடி தொலைந்துபோனதால் அதற்குப் போட்டிருந்த இரண்டு ரப்பர் பேண்டையும் சேர்த்தே வரைந்தாள்.

மேனேஜர் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "மலைத்தொடர்! உச்சியில ஒரு சின்ன வீடு!" என்றார். திமிங்கலம் மாதிரி இருப்பதாகக் கோடு சொன்னார். புள்ளி இருவருக்கும் பொதுவாகத் தலையாட்டி வைத்தாள். அங்கே வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துணிக்கு 'நிம்மதி' என்று பெயர் வைத்து அச்சுக்கு அனுப்பினார்கள்.

துணி பிய்த்துக்கொண்டு போனது. விடுதிகள், அழகு நிலையங்கள், கிளினிக்குகள் எல்லாம் கேட்டு வாங்கின.

மூன்று மாதம் போயிருக்கும். சித்தப்பாவுக்குக் கடைவாய்ப் பல் வலி. வீங்கிய கன்னத்தோடு அவரைப் புள்ளிதான் பல் டாக்டரிடம் கூட்டிப் போனாள். உள்ளே நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். காத்திருக்கும் அறையின் ஜன்னல் முழுக்க, மேலிருந்து கீழ் வரை, நீல நிறத்தில் சித்தப்பா தொங்கிக்கொண்டிருந்தார்.

அவரைத் திரைக்கு முதுகு காட்டி உட்கார வைக்கப் பார்த்தாள். காற்று வரவில்லை என்று அவர் இடம் மாறி நேர் எதிரே போய் உட்கார்ந்தார். முதலில் சும்மா பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய், மூக்கு துணியில் படும் அளவுக்குக் கிட்டே நின்று பார்த்தார்.

"இது நம்ம வீட்டு ரிமோட்டு" என்றார்.

புள்ளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு ரப்பர் பேண்டும் இருக்கு. நான்தான் போட்டேன்." வயிற்றின் வளைவை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் தன் வயிற்றைப் பார்த்தார். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

வாயில் பஞ்சோடு வெளியே வந்தவர் நேரே பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ்ஸில் புள்ளி அடக்கமாட்டாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கேட்காமல் செய்தது தப்புதான், மன்னிச்சிடுங்க சித்தப்பா என்றாள். அவர் பஞ்சை ஓரமாக ஒதுக்கிக்கொண்டார்.

"எத்தனை மீட்டர் போயிருக்கு?"

பதினோராயிரம் இருக்கும் என்றாள். தான் பார்த்ததிலேயே உயரமான லிஃப்ட் தொண்ணூறு மீட்டர்தான் என்று சொல்லிவிட்டு, சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீங்காத கன்னம் சிரித்துக்கொண்டிருந்தது.

அதோடு வீட்டில் நிம்மதி போயிற்று. மறுநாள் சாப்பிட்டதும் சித்தப்பா இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, தலை வாரிக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். ஒரு கை நெற்றியில், மறு கை நெஞ்சில். கண் மூடியிருந்ததே தவிர, "இந்தப் பக்கம் வெளிச்சம் சரியா இருக்கா?" என்று வாய் கேட்டுக்கொண்டே இருந்தது. தூக்கம் கிட்டே வரவில்லை. தூங்காத சித்தப்பா என்ன செய்வார்? சித்தியின் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மோட்டாருக்கு எண்ணெய் போதவில்லை, பெல்ட் தளர்ந்திருக்கிறது, மிதிக்கிற விதமே தப்பு என்று யோசனை சொன்னார். ஐந்தாம் நாள் சித்தி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது. இந்த மனுஷன் பழையபடி தூங்கியாகணும்."

அந்த வாரமே ஆபீஸிலும் ஒரு குண்டு விழுந்தது. 'நிம்மதி'யின் இரண்டாம் வரிசை வேண்டுமாம். அதற்காக மொத்தப் பிரிவும் அந்த மலைக்கே ஒரு நாள் போய் வருவது என்று மேனேஜர் வேன் பேசிவிட்டார். மலை எந்தப் பக்கம், எத்தனை மணி நேரம் ஆகும் என்று புள்ளியிடம் விசாரித்தார்.

"வேன் வேண்டாம் சார்" என்றாள் புள்ளி. "ஒரே பஸ். எங்க சித்தி வீடு."

மலை என்பது சித்தப்பாதான் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அப்போதும் திமிங்கலம்தான் என்றார் கோடு. மேனேஜர் வேன்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அன்றாட வாழ்க்கை என்று சொன்னது தான்தானே என்றார். வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் வருவதாக முடிவானது.

வெள்ளிக்கிழமை நான்கு பேரும் வந்து, ஸ்கெட்ச் புத்தகத்தைத் திறந்து சோபாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சித்தி டீயும் பிஸ்கட்டும் கொடுத்தாள். சித்தப்பா ஷூ போட்டிருந்தார். படுத்தார், புரண்டார், கண்ணை மூடினார், ஒரு கண்ணைத் திறந்து யார் வரைகிறார்கள் என்று பார்த்தார். இருபது நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் சங்கடமாகச் சிரித்தார்கள். ஏதாவது பேச வேண்டுமே என்று மேனேஜர், லிஃப்ட் எப்படி வேலை செய்யும் என்று கேட்டுவைத்தார்.

முப்பத்தெட்டு வருடத்தில் சித்தப்பாவிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அவர் எதிர் எடையில் ஆரம்பித்தார். கம்பி வடத்துக்குப் போனார். அங்கிருந்து பிரேக். பிரேக்கில் மூன்று வகை. முதல் வகையின் நடுவிலேயே கோட்டின் தலை சுவரில் சாய்ந்துவிட்டது. இரண்டாவதில் பிரிவின் நான்காவது ஆள் பாயில் சரிந்தார். மேனேஜர் நல்ல மனிதர், மூன்றாவது வகை வரை தாக்குப்பிடித்து, சோபாவின் மறு ஓரத்தில் சாய்ந்து, கண்ணாடி நெற்றிக்கு ஏற, வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார்.

கதவைப் பற்றி இனிமேல்தான் சொல்ல வேண்டும் என்று திரும்பிய சித்தப்பா அறையைப் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றினார். சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்தார். மேனேஜரின் காலைக் கொஞ்சம் நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டு சாய்ந்தவர், இரண்டே நிமிடத்தில் குறட்டை விட்டார். சித்தி ஓசைப்படாமல் போய் மெஷினில் உட்கார்ந்து, ஒரு வாரமாகக் கிடந்த பேண்ட்டுகளை எடுத்தாள்.

புள்ளி இந்த முறை படம் எடுக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பென்சிலால் வரைந்தாள். தோளும் முட்டியும் தொந்தியும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, எது யாருடையது என்று தெரியாமல் ஒரே அலையாக ஓடியது. பக்கம் நிறைந்ததும் புரட்டிப் போட்டு மேலே வரைந்தாள்.

திங்கட்கிழமை அதை மேனேஜர் மேசையில் வைத்து, எது யார் என்று கேட்பதற்கு முன்பே விரல் வைத்துச் சொல்லிவிட்டாள். அவர் வெகுநேரம் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். கோடு எட்டிப் பார்த்து, தன் காது அவ்வளவு பெரிதா என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் போகும் வரை காத்திருந்து மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஓரத்துல இருக்கிறதை மட்டும் கொஞ்சம் ஒல்லியாக்க முடியுமா?"

புள்ளி அரை அங்குலம் குறைத்துக் கொடுத்தாள். துணி அடுத்த மாதம் அச்சுக்குப் போனது.