நடுவில் வெட்டிய வயர்

பம்பு உறுமியது. ஆனால் சுற்றவில்லை.

நிலவறைப் படியில் நின்றவள் குனிந்து பார்த்தாள். கீழே, இடுப்பளவுத் தண்ணீரில் அவள் கணவன். அச்சகத்தின் காகிதக் கிடங்கு அது. மழைத் தண்ணீரை இறைக்கப் பம்பை இறக்கிவைத்த மனுஷன் மேல் காகிதக் கட்டுகள் சரிந்து, ஒரு காலைச் சுவரோடு அமுக்கிவிட்டன. நனைந்த காகிதம் உப்ப உப்பப் பிடி இறுகியது. தெரு வெள்ளமோ ஜன்னல் கம்பி வழியே தன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

அவளும் கொழுந்தனும் இழுத்துப் பார்த்துக் கை ஓய்ந்தாகிவிட்டது. தீயணைப்பு வண்டி வழியில் மாட்டிக்கொண்டதாக அச்சக முதலாளி போனில் சொன்னார். பம்பு ஓடினால் ஆள் பிழைப்பார். அவ்வளவுதான் கணக்கு.

பம்பும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுவதுதான் அவர்கள் தொழில். மற்றதெல்லாம் வாடகைக்குப் போயிருக்க, கையிலிருந்த இந்த ஒரு பம்பு காலை வாரியது. கொழுந்தன் ஜெனரேட்டரைப் படிக்குப் பக்கத்தில் தள்ளிவரலாம் என்றான். அவள் ஒரே பேச்சில் மறுத்தாள். புகை உள்ளே இறங்கினால் தண்ணீருக்கு முன்னால் அதுவே ஆளை முடித்துவிடும்.

மோட்டார் கருகுவதற்குள் நிறுத்தச் சொல்லிவிட்டு முற்றத்தைக் கடந்து ஓடினாள். ஜெனரேட்டரில் வோல்ட் காட்டும் முள் சரியாகத்தான் இருந்தது. பக்கத்தில் உருளையில் சுற்றிய வயர். பாதி இன்னும் பிரிக்காமலே கிடந்தது. கை வைத்தாள். சுட்டது.

அங்கேதான் திருடன் இருந்தான். பம்பு பக்கத்தில் இருந்தாலும், கரண்ட் சுருளில் உள்ள அத்தனை வயரையும் சுற்றித்தானே போக வேண்டும்? கிளம்பும்போது மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அத்தனை மடங்கு வோல்ட்டை வயர் வழியிலேயே விழுங்கிவிடும். மோட்டாருக்கு மிஞ்சுவது எச்சில்.

“வயரைப் பூரா பிரிங்க தம்பி. ரெண்டு முனையும் படிக்கிட்ட வரட்டும். மடிப்பு இங்க வரட்டும்.”

மடிப்பு ஜெனரேட்டர் வரை வந்தது. ஒரு முழம்கூட மிச்சமில்லை. அவள் கட்டிங் பிளேயரை எடுத்ததும் கொழுந்தன் முகம் வெளுத்தது.

“இருக்கிறது இந்த ஒரு வயர்தான் அண்ணி. பாதியும் பாதியும் சேர்ந்தா அதே வயர்தானே? இதுல என்ன லாபம்?”

“ஒண்ணு பின்னால ஒண்ணு நின்னாத்தான் அதே வயர். நீளம் பாதியானா தடை பாதி. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல போனா அதுலயும் பாதி. முன்ன தின்னதுல கால்வாசிதான் தின்னும்.”

“தப்பாப் போச்சுன்னா?”

“அப்ப உங்கண்ணன்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க.”

வெட்டினாள்.

ஈரக் கையில் பிளேயர் வழுக்கியது. சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு சேர்த்து ஜெனரேட்டரில் மாட்டினாள். ஒன்று மாறினால் ஜெனரேட்டர் அந்த நொடியே படுத்துவிடும். கீழே வந்து, பம்பின் வயரோடு இரண்டையும் முறுக்கி, டேப் சுற்றி, ஒட்டுப்போட்ட இடத்தை மேற்கூரைக் குழாயில் கட்டினாள். அது அவிழ்ந்து தண்ணீரில் விழுந்தால் மூழ்குவதற்குக்கூட அவருக்கு நேரமிருக்காது.

தண்ணீர் மார்பைத் தொட்டிருந்தது. அவர் பற்கள் தந்தியடித்தன.

“ஏண்டி, மேல என்ன, விருந்தா நடக்குது?”

“உங்களுக்குத்தான் இலை போட்டுட்டு வரேன். அசையாம நில்லுங்க” என்றவள் மேலே பார்த்துக் கொழுந்தனுக்குக் கை காட்டினாள்.

முற்றத்தில் என்ஜின் சத்தம் எகிறியது. பம்பு உறுமியது. மறுபடியும் அதே உறுமல். அவள் கண்ணை மூடவில்லை. மூடினால் அவர் உயிரே போய்விடும் போலிருந்தது. உறுமல் திணறியது, எச்சரிக்கை போல ஒரு குலுக்கல், பிறகு சீறலாக மாறியது. தடித்த குழாய் பாம்பாகப் புரண்டு முற்றத்தில் சேற்றுத் தண்ணீரைக் கக்கியது.

முதலில் தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிறகு அவருடைய சட்டையில் ஒரு பொத்தான் வெளியே வந்தது. அப்புறம் இன்னொன்று.

முழங்கால் தெரிந்ததும் பம்பை நிறுத்திவிட்டு இருவரும் இறங்கினார்கள். கட்டுகளின் பட்டையை அறுத்துக் காகிதத்தைக் கொத்துக் கொத்தாகப் பிய்த்தெறிந்தார்கள். கால் விடுபட்டபோது அவர் கத்தவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. நீலம் பாய்ந்த பாதத்தைக் கையில் ஏந்தி, அசைக்கச் சொன்னாள்.

பெருவிரல் கொஞ்சம் மடங்கியது.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.